வீட்டில் செய்த விமானம் விண்ணேறுவது எப்படி?

பறக்க வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்குப் புதிதன்று. நம் ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றான சீவக சிந்தாமணியில் ஒரு விமானக் கதை உண்டு. சச்சந்தன் என்னும் மன்னன், தனக்கு ஆபத்து நெருங்குவதை உணர்ந்து, மயில் வடிவில் ஒரு பொறியைச் செய்விக்கிறான். அதன் திறவுகோலை வலப்பக்கம் திருப்பினால் மயில் மேலே எழும்பும். இடப்பக்கம் திருப்பினால் கீழே இறங்கும். கருவுற்றிருந்த அரசி விசயை அந்தப் பொறியில் ஏறி, அதைச் செலுத்தும் முறையை முன்னதாகவே கற்றுக் கொள்கிறாள். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்துக் கொண்டபோது அவளையும், பிறக்கவிருந்த சீவகனையும் காப்பாற்றியது அந்தப் பயிற்சிதான்.

இது புலவரின் கற்பனை. ஆயினும் அதனுள் ஓர் உண்மை இருக்கிறது. பறக்கும் பொறியைச் செய்து முடிப்பதோடு வேலை தீர்ந்துவிடுவதில்லை. ஆபத்து இல்லாத வேளையில், சிறிது சிறிதாக அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இக்காலத்தில் தம் கையாலேயே சிறு விமானங்களைக் கட்டுகிறவர்களும் இதையே செய்கிறார்கள். அந்தச் சோதனை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

டிரைக் என்பது என்ன?

மிக எடை குறைந்த விமானங்களை அல்ட்ராலைட் என்றும் மைக்ரோலைட் என்றும் அழைப்பார்கள். இவற்றில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பெரிய விமானத்தின் குட்டியைப் போன்றது. அதற்கு வால் உண்டு. இறக்கையில் அசையும் தகடுகள் உண்டு. கைப்பிடித் தண்டும் கால் மிதிகளும் உண்டு. இரண்டாவது வகைதான் டிரைக். இதற்கு வால் கிடையாது. மேலே முக்கோண வடிவில் துணியால் ஆன ஓர் இறக்கை இருக்கும். அதன் நடுவில் ஒரே ஒரு பெரிய போல்ட்டில், மூன்று சக்கரங்கள் கொண்ட ஒரு வண்டி தொங்கும். வண்டியில் ஒருவரோ இருவரோ அமரலாம். எஞ்சினும் அதன் சுழல்விசிறியும் இருக்கைக்குப் பின்னால் இருந்து வண்டியைத் தள்ளும். மூன்று சக்கரம் உடையதால் டிரைக் என்று பெயர் வந்தது.

டிரைக்கை ஓட்டுபவர் இறக்கையின் கீழுள்ள ஒரு குறுக்குக் கம்பியை இரு கைகளாலும் பற்றிக் கொள்வார். கம்பியைத் தம்மை நோக்கி இழுத்தால் வண்டியின் எடை முன்னே செல்லும், மூக்கு தாழும், வேகம் கூடும். கம்பியை முன்னே தள்ளினால் மூக்கு உயரும், வேகம் குறையும். கம்பியை வலப்பக்கம் தள்ளினால் எடை இடப்பக்கம் சாயும். விமானம் இடப்பக்கம் திரும்பும். சைக்கிள் ஓட்டும்போது உடலைச் சாய்த்துத் திரும்புகிறோம் அல்லவா? அதுபோல எடையை நகர்த்தியே இதைச் செலுத்துகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சாதாரண விமானத்தில் தண்டைப் பின்னால் இழுத்தால் மூக்கு உயரும். டிரைக்கில் கம்பியை இழுத்தால் மூக்கு தாழும். இரண்டும் நேர் எதிரானவை. ஆகையால் பெரிய விமானங்களை ஓட்டிப் பழகியவர்கள்கூட டிரைக்கில் ஏறும்போது புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. பதற்றத்தில் கை பழைய வழக்கப்படி அசைந்துவிட்டால் ஆபத்து. அனுபவம் உள்ளவரே அதிகம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இது.

திரைச்சீலையில் பிறந்த இறக்கை

எடையை நகர்த்திப் பறக்கும் முறையை முதலில் நன்கு பயின்று காட்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ லிலியந்தால். 1891 முதல் 1896 வரை ஏறத்தாழ 2000 முறை அவர் குன்றுகளிலிருந்து மிதந்து இறங்கினார். 1896 ஆகஸ்டு 9ஆம் நாள் அவருடைய மிதவை விமானம் நிலைகுலைந்து விழுந்தது. மறுநாள் அவர் உயிர் துறந்தார். அவர் எழுதி வைத்த அளவுகளையும் குறிப்புகளையும் படித்தே அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் தங்கள் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். 1903 டிசம்பர் 17 அன்று அவர்கள் எஞ்சின் பொருத்திய விமானத்தில் 12 விநாடி பறந்தார்கள். சென்ற தூரம் 120 அடி.

டிரைக்கின் துணி இறக்கை பிறந்த கதை சுவையானது. அமெரிக்க விஞ்ஞானி பிரான்சிஸ் ரோகல்லோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும், எளிய மக்களும் பறக்கத்தக்க மலிவான இறக்கை ஒன்றைக் கண்டுபிடிக்க விரும்பினார்கள். வீட்டிலேயே மின்விசிறியைக் கொண்டு காற்றுச் சோதனைச் சாலை அமைத்தார்கள். 1948இல் அவர்கள் பறக்கவிட்ட வெற்றிப் பட்டம், சமையலறைச் சன்னலின் பூப்போட்ட திரைச்சீலையை வெட்டித் தைத்தது! காப்புரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் பெறப்பட்டது. பின்னர் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, விண்கலங்களைத் தரையிறக்க அந்த இறக்கை உதவுமா என்று ஆராய்ந்தது. 1963இல் ஆஸ்திரேலியாவின் கிராப்டன் என்ற ஊரில் ஜான் டிக்கன்சன் என்பவர் அவ்விறக்கையின் கீழே பிடிகம்பியைச் சேர்த்து, படகால் இழுக்கச் செய்து பறக்க வைத்தார். பிற்பாடு அதனோடு சக்கர வண்டியும் எஞ்சினும் சேர்ந்து டிரைக் ஆயிற்று. 1998இல் பிரையன் மில்டன் என்ற ஆங்கிலேயர் டிரைக்கிலேயே உலகை வலம் வந்தார்.

நம் ஊரில் தறி ஓசை கேட்காத தெரு குறைவு. பாவும் ஊடையும் நேராக இழுத்தால் துணி நீளாது. மூலைவாக்கில் இழுத்தால் நீளும் என்பது நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததே. இறக்கைத் துணி அப்படி நீண்டால் அதன் வடிவம் கெட்டுவிடும். அதனால் பாலியஸ்டர் நூலை மிக நெருக்கமாக நெய்து, பிசின் ஊட்டி, மூலைவாக்கிலும் நீளாதபடி செய்கிறார்கள். கடும் வெயிலில் நெடுநாள் கிடந்தால் இத்துணி வலுவிழக்கும். ஆகவே அதை மூடி வைப்பதும், தையலை அடிக்கடி சோதிப்பதும் அவசியம்.

சென்னையில் 1910, மணிமுத்தாற்றில் 2014

கையால் விமானம் கட்டும் முயற்சி தமிழ்நாட்டிற்கும் பழையது. சென்னை மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்தி வந்த டி'ஆஞ்சலிஸ் என்பவர், ரைட் சகோதரர்கள் பறந்து ஏழாண்டு நிறைவதற்குள், 1910 மார்ச் மாதத்தில் தாமே திட்டமிட்ட விமானத்தைப் பறக்கவிட்டார். அதைக் கட்டிக் கொடுத்தவர்கள் குதிரை வண்டிகளும் மோட்டார் வண்டிகளும் செய்து வந்த சிம்ப்சன் கம்பெனியார். அவர் நேரே கூட்டத்தைக் கூட்டிவிடவில்லை. முதலில் பல்லாவரத்தில் சோதனை செய்து பார்த்தார். அதன் பின்பே சென்னைத் தீவுத்திடலில் பொதுமக்கள் காணப் பறந்தார். முதலில் சோதனை, பிறகே காட்சி என்ற ஒழுங்கு அன்றே இருந்திருக்கிறது.

நமக்கு இன்னும் அண்மையில் நடந்தது ஒன்று. கேரளத்தில் இடுக்கி மாவட்டம் தொடுபுழைப் பகுதியைச் சேர்ந்த திரு. சஜி தாமஸ், பிறவியிலேயே செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாதவர். ஏழாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது. சிறு வயதில், ரப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைக் கண்டது முதல் அவருக்கு விமானத்தின்மீது தீராத பற்று. மின்சார வேலை, புகைப்பட வேலை என்று கிடைத்த தொழிலைச் செய்து, சிறுகச் சேர்த்த பணத்தில், இருவர் அமரத்தக்க அல்ட்ராலைட் விமானம் ஒன்றைப் பல ஆண்டுகள் உழைத்துக் கட்டினார். இது டிரைக் அன்று. வாலும் கைத்தண்டும் உள்ள முதல் வகையைச் சேர்ந்தது.

விமானம் தயாராயிற்று. அதைச் சோதித்து ஓட்டுவது யார்? இந்திய விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர் துணை நின்றார். அம்பாசமுத்திரத்தை அடுத்த மணிமுத்தாற்றில் உள்ள தனியார் ஓடுதளத்தில், 2014ஆம் ஆண்டில், அவர் அந்த விமானத்தை ஓட்டி வானில் எழுப்பினார். பிறகு, 2017இல் வெளிவந்த "விமானம்" என்ற மலையாளத் திரைப்படம் சஜி தாமஸின் வாழ்க்கையைத் தழுவியது. நம் சங்கரன்கோவிலுக்குத் தெற்கே, அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இது நடந்தது என்பதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு.

சற்று எண்ணிப் பாருங்கள். பள்ளியை முடிக்காத ஒருவர் தம் கையால் முடுக்கிய நட்டுகளையும் போல்ட்டுகளையும் நம்பி, அனுபவம் மிக்க ஒரு விமானி தம் உயிரை வைத்து மேலே செல்கிறார். இந்த நம்பிக்கை கண்மூடித்தனமானதாக இருக்க முடியாது. சோதனை முறை என்பது இத்தகைய நம்பிக்கைக்கு அடிப்படை தேடும் முறையேயாகும்.

தரையில் செய்யும் சோதனைகள்

முதலாவது, பார்வையிடல். மூக்கிலிருந்து தொடங்கி ஒரு சுற்று வந்து, ஒவ்வொரு குழாயையும், கம்பி வடத்தையும், போல்ட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வில் நட்டு கழன்று விடாமலிருக்க ஊசியோ பூட்டுக்கம்பியோ மாட்டியிருக்க வேண்டும். டிரைக்கில் வண்டி முழுவதையும் தாங்கும் அந்தத் தொங்கு போல்ட்டிற்கு மாற்றாக, உறுதியான வடம் ஒன்றையும் இணைத்திருப்பார்கள். கட்டியவரே பார்த்தால் போதாது. தாம் எழுதிய விடைத்தாளில் தம் பிழை தமக்குத் தெரிவதில்லை. வேறொருவர் கண்ணுக்கு உடனே தெரிகிறது. ஆகவே விவரம் அறிந்த இன்னொருவர் முழுவதையும் மீண்டும் பார்வையிடுவது கட்டாயம்.

இரண்டாவது, எடையும் சமநிலையும். மூன்று சக்கரங்களின் அடியிலும் தராசு வைத்து எடை பார்ப்பார்கள். தராசுக் கோலின் நடுப்புள்ளி சிறிது விலகினாலும் தட்டு சாயும் அல்லவா? விமானத்தின் எடை மையமும் அப்படியே. டிரைக்கைத் தொங்கவிட்டு, அது சரியான கோணத்தில் தொங்குகிறதா என்றும் பார்ப்பார்கள். இறக்கையின் இரு பக்கமும் ஒரே அளவாக இல்லாவிட்டால் விமானம் ஒரு பக்கமாகவே இழுத்துக் கொண்டு போகும்.

மூன்றாவது, எஞ்சின். சிறு விமானங்கள் பலவற்றில் இருவீச்சு எஞ்சின் உண்டு. அதில் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்பது வழக்கமான அளவு. அதாவது 10 லிட்டருக்கு 200 மில்லி லிட்டர். எண்ணெய் கலக்க மறந்தால் எஞ்சின் சூடேறி இறுகி நின்றுவிடும். சாலையில் அப்படி நின்றால் மொபெட்டைத் தள்ளிக் கொண்டு போகலாம். வானில் தள்ள ஆள் கிடையாது! எனவே விமானத்தைக் கெட்டியான கம்பத்தில் கட்டி வைத்து, எஞ்சினை நெடுநேரம் ஓட்டி, சூடு, சுற்று வேகம், பெட்ரோல் வரத்து ஆகியவற்றைக் குறித்துக் கொள்வார்கள். சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாது. அதன் எதிரிலும் பக்கத்திலும் ஒருவரும் நிற்கக் கூடாது.

நான்காவது, ஓடுதளத்தில் ஓட்டுதல். முதலில் நடை வேகம். பிறகு ஓட்ட வேகம். பிரேக் பிடிக்கிறதா, நேராகச் செல்கிறதா என்று பார்ப்பார்கள். டிரைக்கின் முன் சக்கரத்தைக் காலால் திருப்ப வேண்டும். வலக்காலை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். இதுவும் சாதாரண விமானத்துக்கு நேர் எதிர்.

காற்றைப் படித்தல்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பழமொழி. ஆடித்தபசுக்கு வருகிறவர்களுக்கு அதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் தென்மேற்குக் காற்று சுரண்டை, கயத்தாறு வட்டாரங்களில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மின்சாரத்திற்கு நல்லதான இக்காற்று, எடை குறைந்த சோதனை விமானத்திற்கு நல்லதன்று. மலையைத் தாண்டி வரும் காற்று ஆற்று வெள்ளத்தைப் போலச் சுழித்து வரும்.

காற்று மெதுவாக வீசும் மாதங்களிலும் நண்பகல் ஏற்றதன்று. வெயிலில் கரிசல் தரை சூடாகி, அதன் மேலுள்ள காற்று குமிழ் குமிழாக எழும்பும். அது சிறு விமானத்தைத் தூக்கியும் தாழ்த்தியும் உலுக்கும். அதனால்தான் முதற் பறப்பை விடியற்காலையில் வைத்துக் கொள்கிறார்கள்.

ஏறுவதும் இறங்குவதும் எதிர்க்காற்றிலேயே நடக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானம் இறங்கும்போது காற்றை ஒட்டி அதன் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்றும், காற்றின் வேகம் 15 கிலோமீட்டர் என்றும் வைத்துக் கொள்வோம். எதிர்க்காற்றில் இறங்கினால் தரையைத் தொடும் வேகம் 45. பின்காற்றில் இறங்கினால் 75. எங்கே இறங்குவது பாதுகாப்பு என்பதை ஆறாம் வகுப்பு மாணவியும் சொல்லிவிடுவாள்.

முதற் பறப்பு

முதன்முறை விமானி ஒருவரே ஏறுவார். தலைக்கவசமும் பட்டையும் அணிந்திருப்பார். கட்டியவர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் உடன் செல்லக் கூடாது. நண்பர்களையும் கூட்டத்தையும் அழைத்து வைக்கவும் கூடாது. கூட்டம் கூடிவிட்டால், காற்று சரியில்லை என்று தெரிந்தும், "இத்தனை பேர் வந்துவிட்டார்களே" என்ற எண்ணம் விமானியை மேலே தள்ளிவிடும். இன்று வேண்டாம் என்று சொல்லக்கூடிய துணிவும் சோதனை விமானிக்கு வேண்டிய தகுதிகளுள் ஒன்று.

முழு விசை கொடுத்து, ஓடுதளத்தை விட்டு எழும்பி, நேராக மேலே செல்வார். எஞ்சின் எந்த நொடியிலும் நின்றுவிடலாம் என்று எண்ணிக் கொண்டே, இறங்கத்தக்க வெளியைக் கண்ணால் தேடிக் கொண்டிருப்பார். சிறு உயரத்திலேயே திரும்பிப் பார்க்கும் ஆசை ஆகாது. உயரம் என்பது சேமிப்புப் பணத்தைப் போன்றது. ஆபத்து வரும்போது செலவு செய்ய அது கையில் இருக்க வேண்டும். போதிய உயரம் சென்றபின், ஓடுதளத்திற்கு எட்டும் தூரத்திலேயே சுற்றி வந்து, இடமும் வலமும் மெதுவாகத் திரும்பிப் பார்ப்பார்.

பிறகு வருவது வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் சோதனை. விமானத்தின் எடை 360 கிலோ என்றும், இறக்கையின் பரப்பு 15 சதுர மீட்டர் என்றும் கொள்வோம். ஒவ்வொரு சதுர மீட்டரும் 24 கிலோவைத் தாங்க வேண்டும். இந்தத் தாங்கும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இறக்கையின் சாய்வு மாறாமல் வேகம் பாதியானால் விசை கால் பங்காகும். அதை ஈடு செய்ய விமானி மூக்கை மேலும் மேலும் உயர்த்த வேண்டும். ஓர் எல்லையைத் தாண்டியதும், இறக்கையின் மேல்பக்கத்தை ஒட்டிச் சென்ற காற்று பிய்த்துக் கொண்டு விடும். இறக்கை தாங்காது, விமானம் தாழும். இதை ஸ்டால் என்கிறார்கள். இந்த எல்லை எந்த வேகத்தில் வருகிறது என்று, உயரத்தில் இருக்கும்போதே பதற்றமின்றி அறிந்து கொள்ள வேண்டும். அதைவிடப் போதிய அளவு கூடுதலான வேகத்தில்தான் தரையிறங்க வேண்டும்.

திரும்பும்போதும் கவனம் தேவை. 60 பாகை சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பினால் இறக்கை தாங்க வேண்டிய சுமை இரு மடங்காகும். ஆகவே முதல் நாட்களில் செங்குத்தான திருப்பங்கள் கூடாது.

இறங்கியவுடன் விமானி முதலில் எடுப்பது குறிப்பேடு. எந்த வேகத்தில் எழும்பியது, எஞ்சின் எவ்வளவு சூடாயிற்று, எந்தப் பக்கம் இழுத்தது என்று அனைத்தையும் நினைவு மங்குமுன் எழுதி வைப்பார். குறையைத் திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் பலன் எதனால் வந்தது என்று தெரியாது. நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பின்பற்றும் விதியும் இதுவே. அமெரிக்காவில், வீட்டில் கட்டிய விமானங்கள் பொதுவாக 25 முதல் 40 மணி நேரம் வரை இப்படிச் சோதனையாகப் பறந்த பிறகே பிறரை ஏற்றிச் செல்லலாம். நம் நாட்டிலும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதியின்றி ஒருவரும் தாம் கட்டிய விமானத்தை விருப்பம் போல் பறக்கவிட முடியாது. இவ்விதிகள் ஆர்வத்திற்குத் தடை என்று சிலர் குறை கூறுவதுண்டு. கீழே வயலில் நாற்று நடுகிறவர்களும், பள்ளிக்கு நடந்து வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை எண்ணினால் அக்குறை தோன்றாது.

நமக்கும் வானம் உண்டு

இவையெல்லாம் ஆண்களுக்கு உரியவை என்று எவரும் எண்ண வேண்டாம். 1936இலேயே, தமது 21ஆம் வயதில், சரளா தக்ரால் அம்மையார் சேலை உடுத்தியபடியே சிறு விமானத்தைத் தனியே ஓட்டி உரிமம் பெற்றார். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேரும் மாணவியர் மைக்ரோலைட் விமானத்தில் ஏறிப் பறக்கும் அனுபவம் பெறுகிறார்கள். பெற்றோர்களும் தம் பெண்மக்களின் இத்தகைய ஆர்வத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. முறையான ஆசிரியரிடம், முறையான இடத்தில் கற்கட்டும் என்று வழிகாட்டினால் போதும்.

மாணவியரே, நீங்கள் அனைவரும் விமானியாகப் போவதில்லை. சிலர் மருந்தைக் கலந்து கொடுப்பீர்கள். சிலர் கணக்கு எழுதுவீர்கள். சிலர் பாலத்துக்கும் வீட்டுக்கும் திட்டம் தீட்டுவீர்கள். எந்த வேலையாயினும் உங்கள் கைவேலையை நம்பி இன்னொருவர் அதில் ஏறி அமர்வார். மணிமுத்தாற்றில் ஒரு விமானி நம்பி ஏறியதைப் போல, உங்களை நம்புகிறவரும் பத்திரமாகத் தரை இறங்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு நட்டையும் இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள்.